பிளாக் மெட்டல் கேட்கப் பழகுவது எப்படி

ஹெவி மெட்டல் இசையின் வேகமான, இருண்ட கிளையான பிளாக் மெட்டலை முதன்முதலில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் டிரம்ஸின் பின்னால் ஓடுகிறார்கள். நொடிக்குப் பத்து அடி விழுகிற டிரம்ஸை எந்தக் காதால் துரத்த முடியும்? இரண்டு நிமிடத்தில் தலை வலிக்கிறது, அணைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு வருடம் இதை ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த இசையில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல. வேகத்துக்கு அடியில் ஒரு மெட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிவிடும்.

கிதார் வாசிப்பவரின் கைகளைக் கவனித்தால் இது விளங்கும். வலது கை ஒரே தந்தியை மேலும் கீழுமாக நிறுத்தாமல் மீட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு ட்ரெமோலோ பிக்கிங் என்று பெயர். இடது கைக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரு ஸ்வரத்தில் தந்தி எட்டு முறையோ பதினாறு முறையோ அதிர்ந்த பிறகுதான் விரல் அடுத்த இடத்துக்குப் போகும். இரைச்சல் வலது கையில், பாட்டு இடது கையில். என் அம்மா ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃப்ரேம் ஓட்டியவர். அந்த இரைச்சலுக்குள் நின்றபடியே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வார். சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் காது அதை விட்டுவிடும் என்பார். பிளாக் மெட்டல் டிரம்ஸுக்கும் அதே கதைதான்.

சரி, எங்கே தொடங்குவது? இம்மார்ட்டல் குழுவின் 'அட் த ஹார்ட் ஆஃப் விண்டர்', 1999. நார்வேயின் பெர்கன் நகரத்துக் குழு. கிதார் வாசித்துவந்த டெமோனாஸுக்குக் கையில் தசைநாண் அழற்சி வந்து வாசிக்க முடியாமல் போனது. பாடகர் அபாத்தே கிதாரையும் எடுத்துக்கொண்டார், டெமோனாஸ் பாடல் வரிகளை மட்டும் எழுதினார். அதற்கு முந்தைய ஆல்பங்களின் வெறிவேகம் இதில் குறைந்திருக்கிறது. பாட்டுகள் நீளமானவை, மெட்டுகள் விரிந்து நிற்கின்றன, ஒலிப்பதிவும் தெளிவு. மொத்தம் ஆறே பாட்டு. ஐந்தாவதான தலைப்புப் பாட்டு அமைதியாகத் தொடங்கும், அதையே முதலில் போடுங்கள்.

பாட்டு ஓடும்போது கிதார் மெட்டை வாயை மூடிக்கொண்டு முனகிப் பாருங்கள். வேகமாக அல்ல, தாலாட்டுப் பாடுகிற வேகத்தில். முனக வந்துவிட்டால் அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. வரவில்லையென்றால் மறுநாள் அதே பாட்டை மறுபடி கேளுங்கள், வேறு பாட்டுக்குத் தாவ வேண்டாம். எனக்கு நான்காவது நாள்தான் வந்தது.

கேட்கும் கருவி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தாழ்ந்த ஒலியை ஏற்றிக் காட்டும் பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். இந்த இசையின் உயிர் மேல் ஸ்தாயியில் இருக்கிறது, பேஸை ஏற்றினால் அது மூடிப்போகும். சத்தத்தையும் குறைத்தே வையுங்கள். உயர்ந்த அதிர்வெண்கள் காதைச் சீக்கிரம் களைப்பாக்கும். பக்கத்து அறையில் யாரோ பேசுவது கேட்கிற அளவு போதும். இன்னொன்று, மோசமாகச் சுருக்கிய எம்பி3 வேண்டவே வேண்டாம். நான் ஒதுக்கி வைத்த அந்த ஒரு வருடத்துக்குப் பாதிக் காரணம் ஒரு பிரௌசிங் சென்டரில் எழுதி வாங்கிய சிடி. 64 கேபிபிஎஸ் கோப்புகள். டிரம்ஸின் சிம்பல் தட்டோசை குழாய்த் தண்ணீர்போல் சலசலத்தது. அப்படிச் சுருக்கும்போது முதலில் பறிபோவது மேல் ஸ்தாயிதான். அதற்கப்புறம் பிளாக் மெட்டலில் மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்து டார்க்த்ரோன், 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', 1994. இந்த வகை இசையில் எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் இதுதான். ஃபென்ரிஸ் தன் இடத்திலேயே நான்கு டிராக் டேப் கருவியில் எல்லா வாத்தியங்களையும் தனியாளாக வாசித்துப் பதிவு செய்தார். குரல் மட்டும் நோக்டர்னோ கல்ட்டோ. முதல் பாட்டின் டிரம்ஸைக் கேளுங்கள், ஆறு நிமிடமும் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அந்த மாறாத தரைமேல் கிதார் ஒரு துயரமான மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மூன்றாவது நிமிடம் வாக்கில் மெட்டு கொஞ்சம் வேறாகக் கேட்கத் தொடங்கும். உண்மையில் மாறியிருப்பது நம் காதுதான். ஒலிப்பதிவு கரகரவென்று இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே செய்தது அது. தெளிவாகப் பதிந்திருந்தால் இந்தக் குளிர் வந்திருக்காது.

இந்த ஆல்பத்தின் நான்கு பாட்டுகளுக்கு வரி எழுதியவர் வார்க் விகெர்னெஸ். முதல் பதிப்பின் பின்னட்டையில் இனவெறி வாடையோடு 'ஆரிய' என்ற சொல்லும் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு உங்களைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விகெர்னெஸ் 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் யூரோனிமஸைக் குத்திக் கொன்றவர், 21 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர், வெளிப்படையான இனவெறியர். அவர் தனியாளாக நடத்திய பர்சம் குழுவின் ஆல்பங்களை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன், கேட்பதையும் நிறுத்திவிட்டேன். மேஹெமின் 'டே மிஸ்டீரிஸ் டோம் சாத்தனாஸ்' 1994இல் வந்தபோது அதில் கிதார் கொல்லப்பட்டவருடையது, பேஸ் கிதார் கொன்றவருடையது. அதைக் கேட்பேன், ஆனால் அந்த நினைப்பு இல்லாமல் ஒருநாளும் கேட்டதில்லை. 1992இல் பிளாக் மெட்டல் வட்டாரத்தினரால் எரிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நார்வேயின் ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயத்தைப் பற்றிச் சிலர் இன்றும் பெருமையாகப் பேசுவதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. புதிதாக ஒரு குழுவைக் கேட்கும் முன் அவர்கள் எதைப் பாடுகிறார்கள், யாரோடு சேர்ந்து இயங்குகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

குரலுக்கு வருவோம், அது பெரும்பாலும் கரகரத்த கத்தல். பலர் பின்வாங்குவது இங்கேதான். சொற்களைப் பிடிக்க முயலாதீர்கள், பாதிப் பாட்டுகள் நார்வீஜியனில்தான் இருக்கின்றன. வரிகளின் மொழிபெயர்ப்பை முன்பே ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் குரலைக் காற்றாகக் கேளுங்கள், மூச்சு எங்கே தொடங்கி எங்கே தீர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்படியும் ஒட்டவில்லையென்றால் உல்வெர் குழுவின் 'பெர்க்டாட்', 1995. மலைவாழ் மாய சக்திகளிடம் சிக்கிய ஒரு பெண்ணின் கதை, ஐந்து அத்தியாயம். கத்தலோடு சாதாரணப் பாடும் குரலும் புல்லாங்குழலும் அக்கூஸ்டிக் கிதாரும் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தின் நடுவே இசை நின்றுவிடும், காட்டுக்குள் யாரோ ஓடும் காலடி ஓசையும் பியானோவும் கேட்கும். இரவு விளக்கை அணைத்துவிட்டு அந்த இடத்தைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் போட்ட 'பிளாக் மெட்டல்' ஆல்பத்திலிருந்துதான் இந்த இசைக்குப் பெயர் வந்தது, ஸ்வீடனின் பாத்தரி அதற்கு உருவம் கொடுத்தது. வரலாறு தெரிந்துகொள்ள இவற்றை நிதானமாகப் பிறகு கேட்கலாம்.

ஒரு மாதம் போன பிறகு ருத்ராவுக்கு வாருங்கள். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய குழு, பாடுவதும் பேஸ் வாசிப்பதும் கதிர். உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த இசையில் சமஸ்கிருத சுலோகங்களைச் சேர்த்தவர்கள். 2005இல் வந்த 'பிரம்மவித்யா: ப்ரைமோர்டியல் ஐ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுலோகத்தின் ராகத்தை முதலில் முனகுங்கள், பிறகு அதன் கீழே ஓடும் கிதாரை.