மண்ணை நம்பி வேலையை விடுகிறவர்களுக்கு

வார இறுதி மண்பாண்ட வகுப்பு முடிந்து கை கழுவும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கா, வேலையை விட்டுட்டு இதையே பண்ணலாமா?" பெரும்பாலும் ஐடிக்காரர்தான். விடுங்கள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். புதுச்சேரி தவளக்குப்பத்தில் சூளை வைத்துப் பிழைப்பவள் என்ற முறையில், விடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் விலை. ஒரு காபி மக்கை எடுத்துக்கொள்வோம். மண்ணும் கிளேஸும் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) 40 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு முறை சூளையில் ஏற்ற வேண்டும், 60 ரூபாய். வனைவது, அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, கிளேஸில் முக்கித் துடைப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் என்றால் 150. ஆக 250. பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பத்தில் இரண்டு விரிசல் விடும், அல்லது கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பத்துக்குச் செய்த செலவை மிஞ்சிய எட்டுதான் சுமக்க வேண்டும். ஒன்று 312 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. வாடகை, பேக்கிங் என்று 40 போட்டால் 350ஐத் தாண்டும். அந்த மக்கை ஒயிட் டவுன் கடையில் வைத்து, கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால், விலைச்சீட்டில் 600 இருந்தால்தான் உங்கள் செலவு தேறும். 350 என்று எழுதினால் கைக்கு வருவது 210. ஒவ்வொரு மக்குக்கும் கைக்காசு போட்டு ஊருக்குத் தானம் செய்கிறீர்கள்.

600 சொல்ல நாக்கு கூசும். கூசக் கூடாது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையை ஆரம்பித்ததிலிருந்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டிப் பாண்டம்) என்றால் பாண்டி என்று ஆகிவிட்டது. வாங்க வருகிறவருக்கு விலை தெரியும். நல்லது கெட்டதும் தெரியும் என்பதுதான் சிக்கல். தட்டின் அடிவளையம் மேசையைக் கீறினால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

அடுத்தது காலண்டர். என்னைக் கேட்டால் விலையைவிட இதுதான் முக்கியம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வருவது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழையில் பானை காயாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு முதல் சூட்டில் ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பானை வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். அதனால் வெயிலில் வடகம் போட்டு வைப்பது போல சீசன் சரக்கை செப்டம்பருக்குள் வனைந்து முதல் சூடு போட்டு அடுக்கிவிட வேண்டும். மழை நாளில் கிளேஸ் வேலையும் கணக்கு வழக்கும் பார்க்கலாம்.

மின்சூளைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கரண்ட் இல்லையென்றால் 1,200 டிகிரி வெறும் பேச்சு. மழைக்காலத்தில் டெலிவரி தேதி கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கேட்கிற தேதியைவிட மூன்று வாரம் தள்ளிக் கொடுங்கள்.

ஜூன், ஜூலை காற்று வாங்கும். அப்போது வாடகை கட்டுவது வகுப்புதான். 'நான் கலைஞன், சொல்லிக்கொடுக்க வரவில்லை' என்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பாவம், ஆகஸ்டில் சக்கரத்தை விற்க விளம்பரம் போடுவார்கள்.

உணவக ஆர்டர் வந்தால் தலைகால் புரியாது. சரி, சந்தோஷப்படுங்கள், ஆனால் பாதிப் பணம் வராமல் மண் பிசையாதீர்கள். மாதிரித் தட்டு ஒன்றைக் கொடுத்து, 'இதுதான், இதே நிறம்தான்' என்று எழுதி வாங்குங்கள். ஸ்டோன்வேர் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்து சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். பத்து அங்குலம் என்று அளவை அடித்துச் சொல்லாதீர்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். பதிவு இருந்தால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். சட்டம் நம் பக்கம்தான். ஆனால் இவ்வளவு சின்ன ஊரில் கஃபே முதலாளியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது. அதனால்தான் முன்பணத்தைப் பிடித்துத் தொங்குகிறேன்.

ஜிஎஸ்டியில் நம் ஊருக்கென்றே ஒரு கூத்து. பொருள் மட்டும் விற்கிறவருக்குக் கடலூரில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் 20 லட்சம்தான். வகுப்பும் எடுத்தால் கடலூரிலும் 20. கன்னியக்கோயில் தாண்டி மஞ்சக்குப்பத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, அதற்குப் பதிவு விதி வேறு. கைவினைப் பொருளுக்கு இதில் சலுகை உண்டு, நிபந்தனைகளும் உண்டு. ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் குயவர் தொழிலுக்கு 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன் தருகிறார்கள். சேமிப்போடு வருகிற ஐடிக்காரர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. வில்லியனூரில் தலைமுறையாகச் சுடுமண் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது போகட்டும்.

அப்புறம், சூளையைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் சக்கரம் போதும். காசு வாங்கிக்கொண்டு சூடு போட்டுத் தருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்; வேலையில் இருந்தபடியே ஒரு மழைக்காலத்தை அப்படித் தாண்டிப் பாருங்கள். பிறகு இடம் தேடும்போது ஜன்னல், மாமரம், கடற்காற்று எல்லாம் அப்புறம். பெரிய மின்சூளைக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் இணைப்பு வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகே அட்வான்ஸைக் கொடுங்கள்.