இடது கையால் பேனா சுழற்றப் பழகுகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கவனியுங்கள்

வலது கையில் பேனா கட்டைவிரலைச் சுற்றி வந்து விரல்களுக்குள் அடங்குகிறது. பேசிக்கொண்டே, படித்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே அதைச் செய்துவிடுகிறீர்கள். அதே பேனாவை இடது கைக்கு மாற்றிய மறுநொடி அது மேசையைத் தாண்டிப் பறக்கிறது. பத்து முறை குனிந்து பொறுக்கியதும் "இந்தக் கைக்கு வராது" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஒரு கேள்வி. தம்ப் அரவுண்ட், அதாவது பேனா கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றி வரும் அந்த முதல் வித்தையைச் செய்யும்போது, உங்கள் வலது ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது? சட்டென்று பதில் சொல்ல முடிகிறதா? நன்றாகச் சுழற்றுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். வலது கைக்கு விடை தெரியும். அதற்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. பழக்கம் முற்றிவிட்டால் அசைவுகள் கவனத்தை விட்டு நழுவிவிடுகின்றன. தெரியாத பாடத்தை இடது கைக்கு எப்படி நடத்துவது? இதுவே முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் தாய்.

ஆகவே முதல் நாள் இடது கையைத் தொடாதீர்கள். வலது கையை மிக மெதுவாக இயக்கிப் பாருங்கள், அல்லது கைபேசியில் மெதுவேகக் காணொளியாகப் படம்பிடியுங்கள். சுழற்றுவதற்கு முன் பேனாவின் எந்த இடத்தைப் பிடிக்கிறீர்கள், நடுவிரல் எந்தக் கணத்தில் அதைச் சுண்டுகிறது, சுண்டிய பிறகு அந்த விரல் எங்கே ஒதுங்குகிறது, கட்டைவிரல் நிமிர்ந்திருக்கிறதா வளைந்திருக்கிறதா, பேனா அதன் எந்தப் பகுதியில் உருள்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் பேனாவின் பாதையை விட்டு விலகி நிற்பதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள். இடது கையில் பேனா பாதி வழியில் இடறி விழுவதற்கு, வழிவிடாத அந்த ஒரு விரலே பல சமயம் காரணம்.

அடுத்தது திசை. இங்கேதான் நாள்கணக்கில் உழைப்பு வீணாகிறது. வலது கையில் பேனா எந்தப் பக்கமாகச் சுழல்கிறதோ அதே பக்கமாக இடது கையிலும் சுழற்ற மனம் தானாக முயல்கிறது. ஆனால் நம் இரு கைகளும் கண்ணாடிப் பிம்பங்கள். வலது கையில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வது இடது கையில் முள்ளின் திசையிலேயே சுழல வேண்டும். திசையை மாற்றாமல் முயன்றால் நீங்கள் செய்வது தம்ப் அரவுண்ட் அல்ல. அதன் தலைகீழ் வடிவமான ரிவர்ஸ். அது தனி வித்தை, சுண்டும் விதமும் வேறு. வலது கையிலேயே ரிவர்ஸ் பழகாத ஒருவர் அதை அறியாமல் இடது கையில் முயன்றுவிட்டு, கை சரியில்லை என்று நொந்துகொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காணொளி பார்த்துக் கற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சுழற்றுகிறவரின் கண் பார்வையிலிருந்து எடுத்த வலது கைக் காணொளி என்றால், அதை இடவலமாகத் திருப்பி ஓடவிட்டுப் பாருங்கள். எதிரே அமர்ந்து செய்துகாட்டும் காணொளி என்றால் திருப்பவே தேவையில்லை. அவருடைய வலது கை, கண்ணாடியில் தெரியும் உங்கள் இடது கையைப் போலவே அசையும்.

மூன்றாவது, விசை. பழகாத கை என்றதும் தோளிலிருந்து விரல்வரை இறுகிவிடுகிறது. விரல் செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டு எடுத்துக்கொள்கிறது, அதுவும் போதாதென்று முழங்கை கிளம்புகிறது. பேனா பறப்பது இதனால்தான். தேவைப்படுவது நடுவிரலின் ஒரு சிறு சுண்டல். முன்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு பழகினால் கை வீசும் பழக்கம் தானாகக் குறையும். பேனா முழுச் சுற்றுக்கு வராமல் முக்கால் சுற்றில் விழுந்தாலும் பரவாயில்லை. விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது எளிது. வீசிப் பழகிய கையை அடக்குவது கடினம்.

பேனாவையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். வலது கை குட்டையான, இலேசான பேனாவையும் சமாளித்துவிடும். இடது கையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீளமும் இரு முனைகளிலும் எடையும் இருந்தால் பேனா நிதானமாகச் சுழலும். விரல்கள் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். இதில் தீவிரமாக இருப்பவர்கள் பல பேனாக்களின் மூடிகளையும் பிடிகளையும் இணைத்து, 20 சென்டிமீட்டருக்கும் நீளமாக மோட் எனப்படும் பேனாக்களைச் செய்துகொள்வது இதற்காகத்தான். அதெல்லாம் உடனே வேண்டாம். ஒரு விரலின் மேல் படுக்கவைத்து, சாயாமல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பேனாவின் நடுநிலைப் புள்ளி தெரிந்துவிடும். மூடியைப் பின்னால் மாட்டினால் அந்தப் புள்ளி மூடிப் பக்கம் நகரும். ஒரே பேனாவை ஒரே விதமாகப் பிடித்துப் பழகுங்கள். நாளுக்கொரு பேனா என்றால் கை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்?

பிடிப்பதில் காட்டும் அவசரமும் கெடுக்கிறது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இடது கை சீக்கிரமே மூடிக்கொள்கிறது. பேனா விரலில் மோதி நின்றுவிடுகிறது. மெத்தை, தடித்த துணி போன்ற மென்மையான பரப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, பிடிக்கும் எண்ணமே இல்லாமல் சுழற்றி மட்டும் பாருங்கள். சுழற்சி சீரானபின் பிடி தானாக வந்து சேருவதைக் காண்பீர்கள்.

பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட ஐந்து அல்லது பத்து நிமிடங்களாக நாளில் சில முறை பழகுவது மேல். கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு தொடர்ந்தால் விரல் வலிக்காத வேறொரு வழியைத் தேடிக்கொள்ளும், அந்தக் கோணல் அசைவே பழக்கமாகிவிடும்.

வலது கையை ஒதுக்கிவைப்பதும் தவறுதான். ஒரு கை கற்றதில் ஒரு பங்கு மறு கைக்கும் போய்ச் சேர்கிறது. வலது கையில் இரண்டு முறை மெதுவாகச் செய்துவிட்டு உடனே இடது கையில் செய்து பாருங்கள். பேனா இல்லாமல் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் கண்ணாடிபோல் அசைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒன்றுக்கொன்று பிம்பமாக அசைவதே கைகளுக்கு எளிது என்பதால், இடது கை வலது கையின் தாளத்தைப் பற்றிக்கொள்ளும்.

தம்ப் அரவுண்ட் ஓரளவு வந்ததும் வலது கையில் தெரிந்த தொடர் வித்தைகள் அனைத்துக்கும் தாவிவிடாதீர்கள். இடையில் ஃபிங்கர் பாஸுக்கு இடம் கொடுங்கள். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை பேனாவைக் கைமாற்றிக்கொண்டே போகும் வித்தை அது. மோதிர விரல் தசைநார்களால் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் தனித்து இயங்கத் திணறும். வலது கையில் அந்தத் திணறலை எப்போதோ கடந்துவிட்டீர்கள்; இடது கையில் அது அப்படியே காத்திருக்கிறது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் பேனா வரும் கணத்தில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாக எடுத்து, பேனாவை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பழகுங்கள். சோனிக், சார்ஜ் போன்ற மற்ற வித்தைகளை அதன் பிறகு தொடங்கலாம்.