முடியாத வெளிநாட்டுப் போர்: படையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாடு வேறொரு நாட்டு மண்ணில் வருஷக்கணக்காகப் போரிட்டு முடிவு தெரியாமல் நின்றால், விவாதம் சீக்கிரமே தலைக்கணக்குக்கு வந்துவிடும். இன்னும் 30,000 பேரை அனுப்பலாமா, இருப்பவர்களில் பாதியைத் திரும்ப அழைக்கலாமா என்றுதான் பேசுவார்கள். எதற்காக அனுப்புகிறோம், அது நிறைவேறியது என்று எதை வைத்துச் சொல்வோம் என்பதை யாரும் கேட்பதில்லை. முதல் தவறு இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை.

1968-ல் நடந்ததைப் பாருங்கள். வியட்நாமில் ஏற்கெனவே ஏறக்குறைய ஐந்து லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள், வியட்நாமியப் புத்தாண்டான டெட் சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் தெற்கு வியட்நாம் நகரங்களைத் தாக்கின, அந்த டெட் தாக்குதலுக்குப் பிறகு தளபதிகள் இன்னும் சுமார் 2,06,000 பேர் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் பாதுகாப்புச் செயலராகப் பொறுப்பேற்ற கிளார்க் கிளிஃபோர்டு, அதுவரை போரை ஆதரித்துப் பேசியவர், ராணுவத் தலைமையை உட்காரவைத்து எளிய கேள்விகளாகக் கேட்டார்: இது போதுமா, போதாவிட்டால் இன்னும் எவ்வளவு, எத்தனை காலம், ஜெயிப்பதற்குத் திட்டம் என்ன? ஒன்றுக்கும் தெளிவான பதில் இல்லை. மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் குண்டுவீச்சைக் குறைப்பதாக அறிவித்தார், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றும் சொன்னார். இந்தக் கேள்விகளை 1965-லேயே கேட்டிருக்கலாம். அப்போது ஜார்ஜ் பால் என்ற உயரதிகாரி இழப்போடு வெளியேறிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார், ஆனால் படை 75,000-லிருந்து 1,25,000 ஆனது. நடுவழி போலத் தெரிகிற முடிவு பெரும்பாலும் மெதுவாகக் கூட்டுவதுதான்.

அடுத்தது, ‘இத்தனை பேர் செத்திருக்கிறார்கள், இப்போது விட்டுவந்தால் அதற்கு என்ன அர்த்தம்?’ என்ற வாதம். மகனைப் பறிகொடுத்த குடும்பம் இதைக் கேட்டால் எதிரில் நின்று பதில் சொல்ல யாராலும் முடியாது, அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்று எடுக்கிற முடிவு இன்னும் சாகாதவர்களைப் பற்றியது. வியட்நாமில் இறந்த சுமார் 58,000 அமெரிக்கப் படையினரில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் 1969-ம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் இறந்தவர்கள். வியட்நாம் மக்களின் சாவு இதைவிடப் பல மடங்கு. 1975 ஏப்ரல் 30-ல், அமெரிக்கா ஆதரித்த தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் எப்படியும் வீழ்ந்தது.

ஒரு இடத்தில் பலித்ததை இன்னொரு இடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவதும் தவறு. 2007-ல் இராக்குக்கு அமெரிக்காவின் கூடுதல் படை போனது, வன்முறை குறைந்தது, உண்மைதான். ஆனால் அன்பார் பகுதிப் பழங்குடித் தலைவர்கள் 2006-லேயே அல்காய்தாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள், ஆயுதக் குழு வைத்திருந்த ஷியா மதத் தலைவர் முக்தாதா அல் சதர் 2007 ஆகஸ்டில் தன் ஆட்களைச் சண்டையை நிறுத்தச் சொன்னார். அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டால் எப்படி? 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேரைக் கூட்டினார், அதே உரையில் 2011 ஜூலையில் திரும்ப அழைக்கத் தொடங்குவோம் என்றும் சொன்னார். எதிரிக்குக் காத்திருந்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

சரி, குறைக்கச் சொல்பவர்கள் பக்கமும் தவறு உண்டு, நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். படை கிளம்பும் நாளோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சோவியத் படை 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியபோது, அது ஆதரித்துவந்த நஜிபுல்லா அரசு சில மாதங்கள்கூடத் தாங்காது என்று பலர் கணித்தார்கள். சோவியத்திலிருந்து பணமும் எரிபொருளும் ஆயுதமும் தொடர்ந்து வந்ததால் அது மூன்று வருஷம் நின்றது, அவை நின்றதும் 1992 ஏப்ரலில் கவிழ்ந்தது. 2021-ல் அமெரிக்கப் படை வெளியேறியபோது நடந்தது வேறு. ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்களும் படையோடு சேர்ந்து கிளம்பினார்கள். அதற்கு முன், அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட 2020 தோஹா ஒப்பந்தப் பேச்சில் காபூல் அரசுக்கு இடமே தரவில்லை. ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபான் கைக்குப் போனது.

ஆகவே வெளியேறச் சொல்பவர்கள் தேதியோடு சேர்த்துச் சில விஷயங்களையும் கேட்க வேண்டும்: எந்த உதவி தொடரும், எத்தனை வருஷம், யார் பணம் தருவார்கள், உள்ளூர் அரசு பேச்சுவார்த்தையில் உட்காருகிறதா. அப்புறம், படைக்கு மொழிபெயர்த்து உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு விசா. கடைசி விமானம் கிளம்பும் வாரத்தில் அந்த விண்ணப்பங்களைப் பார்க்க ஆரம்பித்தால் பாதிப் பேர் வெளியே வர முடியாது, அதனால் படைக்குறைப்பை அறிவிக்கிற அன்றே அந்த வேலை தொடங்கியிருக்க வேண்டும்.