அப்பார்ட்மென்டில் பெரிய சப்வூஃபர்: கீழ் வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் பேஸ் கேட்க

பேஸை (ஆழமான தாழ்ந்த ஒலியை) மட்டும் தரும் 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டது, வீடோ சென்னையில் மூன்றாவது மாடியில் ஒரு 2 பிஎச்கே, மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாப் பக்கமும் குடித்தனம். இதில் நிம்மதியாகப் படம் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் பேஸை நம் வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் முதலிலேயே விட்டுவிடுங்கள். சுவரில் ஒட்டும் ஃபோம், முட்டை அட்டை, கனமான திரைச்சீலை, கார்ப்பெட் எல்லாம் அறைக்குள் குரல் எதிரொலிப்பதைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆழமான பேஸான 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 அதிர்வு) அலையின் நீளம் 38 அடி. இரண்டு இன்ச் ஃபோம் அதற்கு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுவரோ தளமோ சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்பது அதன் எடையைப் பொறுத்தது. எடை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் அதிகமாகத் தடுக்கும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் அதே 6 டெசிபல் கைவிட்டுப் போகும். டயலாக் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வெடிச்சத்தம் மட்டும் போய்ச் சேருவது இதனால்தான். பழைய செங்கல் சுவர் பரவாயில்லை. இப்போது கட்டும் பல கட்டடங்களில் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்) வைக்கிறார்கள், அதன் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், பேஸ் பக்கத்து ஃப்ளாட்டுக்குச் சுலபமாகப் போய்விடும். சுவரெல்லாம் கான்கிரீட்டாக ஊற்றிய மைவான் கட்டடம் என்றால் பக்கவாட்டில் கொஞ்சம் தப்பித்தீர்கள். தளம் எப்படியும் எல்லோருக்கும் ஐந்து, ஆறு இன்ச் கான்கிரீட்தான்.

கட்டடத்தை மாற்ற முடியாது. நாம் மாற்றக்கூடியது ஒன்றுதான்: நம் காதுக்கு வேண்டிய பேஸை, அறை முழுவதையும் நிரப்பாமல், எவ்வளவு குறைந்த சக்தியில் கொண்டுவருகிறோம் என்பது.

எங்கே வைப்பது

டிவிக்குப் பக்கத்தில் மூலையில் தள்ளிவைப்பதுதான் எல்லோரும் செய்வது. மூலை பேஸைக் கூட்டிக் கொடுக்கும், ஆனால் நமக்கு மட்டும் இல்லை, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். சப்வூஃபரைத் தூக்கி சோஃபாவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ, நம் தலையிலிருந்து மூன்று அடிக்குள் வையுங்கள். நெருங்கிவந்துவிட்டதால் அதே பேஸ் கேட்க கெயினை (சப்வூஃபரின் சத்த அளவை) கணிசமாகக் குறைக்கலாம், பல அறைகளில் 5, 6 டெசிபல் வரை. 6 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும், கீழ் வீட்டுக்கும் அதே அளவு குறையும். இதைவிடப் பெரிய லாபம் வேறு எதிலும் கிடைக்காது, காசும் செலவில்லை. சத்தம் பின்னாலிருந்து வருவது தெரிந்தால் கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள், பிறகு சப்வூஃபரின் சத்தம் மற்ற ஸ்பீக்கர்களோடு ஒரே நேரத்தில் வந்து சேர ஃபேஸ், டிஸ்டன்ஸ் செட்டிங்குகளைச் சரிபாருங்கள்; பெரும்பாலும் அந்த உணர்வு போய்விடும்.

இன்னொன்று. நம் ஊர் அப்பார்ட்மென்டுகள் மாடிக்கு மாடி ஒரே பிளான். உங்கள் பெட்ரூமுக்கு நேர் கீழே அவர்கள் பெட்ரூம். ஒரு பெட்ரூமை தியேட்டராக மாற்றும் ஆசை இருந்தால் இதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். ஹாலில் வைத்தால் கீழேயும் ஹால், ராத்திரி பத்து மணிக்கு அங்கே யாரும் படுத்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் அறையின் அளவு. ஒவ்வொரு அறைக்கும் சில அதிர்வெண்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். 570ஐ அறையின் நீளத்தால் (அடிக் கணக்கில்) வகுங்கள், 16 அடி ஹாலுக்கு 35 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், 10 அடி அகலத்துக்கு 57. இந்த இரண்டு இடத்திலும் வீக்கம் இருந்தால் கீழ் வீட்டுக்காரர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான், மற்ற பேஸ் எல்லாம் அதன் நிழலில் போய்விடும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், அறையை அளந்து சத்தத்தைத் தானே திருத்தும் வசதி இருக்கும்; ஆடிஸி, யமஹாவின் ஒய்பிஏஓ, டிராக் லைவ் என்று எது இருந்தாலும் முழுப் பொறுமையோடு எல்லா இடத்திலும் மைக்கை வைத்து அளந்து ஓட்டுங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் யுமிக்-1 என்ற அளவெடுக்கும் மைக்கும் ரூம் ஈக்யூ விசார்டும் போதும், அந்த சாஃப்ட்வேர் இலவசம். வீக்கத்தை வெட்டுங்கள்; பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள், அது சக்தியைத் தின்னும், காதுக்கு ஒன்றும் வராது.

அடியில் வைக்கும் பேட்

பேட் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். பெட்டியின் அதிர்வு தரையில் நேராக இறங்குவதை நல்ல பேட் குறைக்கும். காற்று வழியாகத் தளத்தையே தள்ளும் பேஸை எந்தப் பேடும் தொடாது, பெரும்பாலான வீடுகளில் தொந்தரவு அந்த இரண்டாவது வழியில்தான் போகிறது. உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு: சப்வூஃபரைப் பத்து நிமிடம் மடித்த மெத்தைமேல் வைத்து ஓடவிட்டுக் கீழே போய்க் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் பேட் வாங்கலாம். தெரியாவிட்டால் அந்தச் செலவே வேண்டாம்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள், பெட்டியின் எடையில் அது அமுங்க வேண்டும். 2.5 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் சொந்த அதிர்வெண் சுமார் 10 ஹெர்ட்ஸ், 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5. பேஸின் அதிர்வெண் அதைப்போல 1.4 மடங்குக்கு மேலே இருந்தால்தான் பேட் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். வாஷிங் மெஷினுக்கு விற்கும் கெட்டி ரப்பர் பெரும்பாலும் அமுங்குவதே இல்லை. பெட்டி எடை குறைவாக இருந்தால் பேடின் மேலே ஒரு கடப்பாக் கல் பலகை போட்டு அதன்மேல் பெட்டியை வைக்கலாம், எடை கூடினால் ரப்பர் அமுங்கும்.

ரிசீவரில் மாற்ற வேண்டியவை

டெனான், மராண்ட்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் டைனமிக் ஈக்யூவைப் பாருங்கள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அது பேஸைத் தூக்கிவிடும், நாம் வால்யூமைக் குறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதை அணைத்துவிடுங்கள், இல்லை அது தூக்கும் அளவைக் குறைக்க ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 10 அல்லது 15 ஆக்குங்கள். சில மாடல்களில் லோ ஃப்ரீக்வென்சி கன்டெயின்மென்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அப்பார்ட்மென்டுக்கென்றே செய்தது, சுவர் தாண்டும் அடிமட்ட பேஸைக் குறைத்து அது இருப்பதுபோன்ற உணர்வை மட்டும் காதுக்குக் கொடுக்கும். ராத்திரிக்கு இது அருமையான விஷயம். யமஹாவில் அடாப்டிவ் டிஆர்சி, வால்யூம் குறைவாக இருக்கும்போது மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. எல்எஃப்இ (படத்தில் வெடிச்சத்தம் போன்ற பேஸுக்கென்றே உள்ள தனி சேனல்) அளவைத் தனியாக 10 டெசிபல் வரை குறைக்கவும் பல ரிசீவர்களில் இடம் உண்டு. சினிமா மிக்ஸில் மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் அதிகமாகப் போக அனுமதி பெற்ற சேனல் அது, அதனால் அங்கே கை வைத்தாலே பாதி தலைவலி போய்விடும்.

எஸ்விஎஸ் கம்பெனியுடையது போன்ற, போன் ஆப் வசதியுள்ள சப்வூஃபர் என்றால் ராத்திரிக்கு ஒரு தனி ப்ரீசெட் (சேமித்துவைக்கும் செட்டிங்) போட்டுவையுங்கள்: 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு, மொத்தத்தில் 5, 6 டெசிபல் குறைவு. குறைவான எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பேச்சுக் குரல் பகுதியில் சத்தம் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைக்க வேண்டும், 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்த 5, 6 டெசிபலுக்கே அந்த வித்தியாசம் வந்துவிடும். அதிலும் கீழ் வீட்டில் சத்தம் காதுக்கு எட்டும் விளிம்பில்தான் இருக்கும், கொஞ்சம் குறைத்தால் மொத்தமாகவே மறைந்துவிடும். போர்ட் (பெட்டியில் காற்று வெளியேறும் துளை) உள்ள மாடலுக்கு ஃபோம் அடைப்பான் கூடவே வந்திருந்தால் ராத்திரி அதைச் சொருகினாலும் அடிமட்டம் தணியும்.

போன் மீட்டரை நம்பாதீர்கள்

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று இருக்கிறது. அந்த அளவு ஏ வெயிட்டிங்கில், அதாவது நம் காதுக்குக் குறைவாகக் கேட்கும் அடிமட்ட பேஸைக் கழித்துக் கணக்கிடும் முறையில் எடுப்பது. ஏ வெயிட்டிங் 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலைக் கழித்துவிடும். அதாவது கண்ணாடி நடுங்க வைக்கும் 80 டெசிபல் அதிர்வு, அந்த முறையில் அளக்கும் போன் மீட்டரில் 41 என்று காட்டும். சட்டப்படி நான் சரி என்று அந்த எண்ணைக் காட்டிப் பேசிப் பயனில்லை, கீழே கட்டிலில் படுத்திருப்பவர் நெஞ்சில் அது உறைக்கிறது. அளக்க வேண்டும் என்றால் பேஸை அவ்வளவாகக் கழிக்காத சி அல்லது இசட் வெயிட்டிங்குக்கு மாற்றி அளவெடுங்கள்.

கீழே போய் நில்லுங்கள்

நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான், இதைத்தான் யாரும் செய்வதில்லை. புகார் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவதற்கு முன் நீங்களே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கீழே போங்கள். "ஆன்ட்டி, மேல ஸ்பீக்கர் வெச்சிருக்கோம், உங்களுக்குத் தொந்தரவா இருக்கான்னு பாக்கணும், அஞ்சு நிமிஷம் ஹால்ல நிக்கட்டுமா?" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்பவர் அநேகமாக இருக்க மாட்டார். வீட்டில் ஒருவரை மேலே விட்டு 20இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிடச் சொல்லுங்கள். போனில் கேட்டுச் சொல்லச் சொன்னால் வேலைக்கு ஆகாது, போன் அழைப்பில் பேஸ் போகவே போகாது.

எங்கள் கீழ் வீட்டில் டோன் 40ஐத் தாண்டும்போது மட்டும் ஷோகேஸ் கண்ணாடிக் கதவு கிர்ரென்று ஒலித்தது, வேறெங்கும் இல்லை. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு சின்ன ஃபெல்ட் துண்டு ஒட்டினோம், நின்றுவிட்டது. அடுக்களையில் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் எவர்சில்வர் டம்ளர், லாஃப்டில் கிடக்கும் தகர டப்பா, ஜன்னல் கொக்கி எல்லாம் இப்படித்தான். அவர்களுக்குக் கோபம் வருவது பேஸைவிட இந்தக் கிர்ர் சத்தத்தால்தான். அது முடிந்ததும் ஒரு படத்தின் பெரிய காட்சியைப் போட்டு எந்த வால்யூமில் அவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நாலு புள்ளி கீழே, அதுதான் உங்கள் பகல் எல்லை. ராத்திரிக்கு ப்ரீசெட். அவர்கள் வீட்டில் குழந்தைக்குப் பரீட்சை, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் ஒரு மெசேஜ் போடச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ராத்திரியில் அந்த அதிர்வு உடம்பில் வேண்டும் என்றால் பட்கிக்கர், டேடன் ஆடியோ போன்றவர்களின் பேஸ் ஷேக்கரை (பேஸுக்கு ஏற்ப இருக்கையை அதிர வைக்கும் கருவி) சோஃபாவின் மரச் சட்டத்தில் திருகிவிடலாம். ரிசீவரின் இரண்டாவது சப் அவுட்டிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து ஷேக்கர். சோஃபாவின் கால்களுக்கு அடியில் அமுங்கும் ரப்பர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அதே அதிர்வு தரை வழியாகக் கீழே இறங்கும். பொருத்தியதும் சப்வூஃபரை முழுவதும் அணைத்துவிட்டு இன்னொரு முறை கீழே போய்ப் பார்த்துவிடுங்கள்.