பாஹா 1000 ரிலே: பைக் கைமாறும் இடத்தில் கோட்டை விடாதீர்கள்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் பாஹா 1000 பந்தயத்தில் ஒரு அணிக்குப் பைக் ஒன்றுதான், ஓட்டுகிறவர்கள் பலர். 1967ல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஓடிய பந்தயம் இது. இப்போது பெரும்பாலும் என்செனாடாவில் தொடங்கி, வட்டமடித்து அங்கேயே முடிகிறது. வட்டப் பாதை 1,300 கி.மீ. அளவில் இருக்கும். லா பாஸ் வரை நீளும் ஆண்டுகளில் 1,900 கி.மீ.யைத் தாண்டியதும் உண்டு. தனியாளாக முழுப் பாதையையும் ஓட்டுபவர்களுக்கு ஐயன்மேன் என்று தனிப் பிரிவே இருக்கிறது. மற்றவர்கள் நான்கைந்து பேராகப் பிரித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

முதல்முறை போகும் அணிகள் வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும். ஆனால் பந்தயம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் பைக் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் இடங்களில்தான். மாற்றும்போதும் கடிகாரம் நிற்பதில்லை. முந்தைய ரைடர் நொறுக்கிய வண்டியை அடுத்தவர்தான் சுமக்க வேண்டும்.

பாதையைக் கிலோமீட்டர் கணக்கில் பங்கு போடுவது

நான்கு பேர், 1,300 கி.மீ., ஆளுக்கு 325 என்று வகுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. சான் ஃபெலிப்பே பக்கத்து வூப்ஸில், அதாவது அலை அலையாக வரும் மேடுபள்ளங்களில், 80 கி.மீ. ஓட்டுவதும் உலர் ஏரிப் படுகையில் 80 கி.மீ. பறப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் முன்கை இறுகிப்போய் கிளட்ச் லீவரைப் பிடிக்க விரல் மடங்காது. நேரத்தையும் நிலத்தின் தன்மையையும் வைத்துப் பிரியுங்கள். நடுத்தர அணிக்கு ஒட்டுமொத்தச் சராசரி மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 70 என்று எழுதிவைக்கும் அணியின் துணை வண்டிகள், அதாவது ஆட்களையும் உதிரிகளையும் ஏற்றிச் சாலை வழியே போகும் வண்டிகள், ஒவ்வொரு இடத்திலும் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். கடைசியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

மாற்றும் இடத்தை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. அங்கே துணை வண்டி சாலை வழியாகப் போய்ச் சேர முடியுமா, பைக் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது சேர முடியுமா என்பதே கேள்வி. பாதை மலையைக் குறுக்கே கடக்கும். சாலையோ சுற்றிக்கொண்டு போகும். பல இடங்களில் பைக் உங்களுக்கு முன்னால் போய் நின்றுவிடும். ஒரே துணை வண்டியை நம்பாதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று மாற்றி ஒன்று முன்னே தாவிப் போக.

நவம்பர் நடுவில் அங்கே மாலை 4:45 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை ஆறே காலைத் தாண்டித்தான் உதிக்கும். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டு. இதைக் கணக்கில் எடுக்காத அணியில், பகலில் மட்டும் ஒத்திகை பார்த்த ஆள் இரவுப் பகுதியில் மாட்டிக்கொள்வார்.

தன் பகுதியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது

பந்தயத்துக்கு முன் பாதையைத் திறந்துவிடுவார்கள். உங்கள் பகுதியைக் குறைந்தது இரண்டு முறை ஓட்டுங்கள், அதில் ஒன்று பந்தயத்தில் நீங்கள் ஓட்டப்போகும் அதே நேரத்தில். அடுத்தவர் பகுதியின் முதல் 30, 40 கி.மீ.யையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அடுத்த ரைடர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் நீங்கள்தான் தொடர வேண்டியிருக்கும். ஒத்திகையின்போது பாதையில் எதிர்த்திசையில் போகவே கூடாது. ஒத்திகை நாட்களிலும் பெரிய டிரக்குகள் முழு வேகத்தில் வளைவில் வரும்.

ஜிபிஎஸ்ஸில் குறியிடும்போது எல்லாக் கல்லையும் குறிக்காதீர்கள். இருநூறு குறிகள் இருந்தால் ஓட்டும்போது எதையும் பார்க்க மாட்டீர்கள். ஆளைக் கொல்லக்கூடிய பள்ளம், பாதை பிரியும் இடம், மாவுப் புழுதிப் படுகை, வேக வரம்பு தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகியவை போதும்.

வேக வரம்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதை நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் போகும் இடங்களில் வரம்பு உண்டு. பைக்கில் பூட்டிய டிராக்கர் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெய்நிகர் சோதனைப் புள்ளிகளையும் அதுவே பதிகிறது. ஒன்றைத் தவறவிட்டால் முடிவு நேரத்தோடு அபராதம் கூடும். ஒரு ரைடர் சாலையில் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பெரிய அபராதத்தை முழு அணியின் தலையில் கட்டியது பலமுறை நடந்திருக்கிறது.

இன்னொன்று, பார்வையாளர்கள். சிலர் பாதையில் பள்ளம் தோண்டுவார்கள், மண்மேடு எழுப்புவார்கள், ஓடையைத் தடுத்துத் தண்ணீர் தேக்குவார்கள். ஒத்திகையில் இல்லாதது பந்தய நாளில் முளைத்திருக்கும். எதுவுமில்லாத இடத்தில் கூட்டம் திரண்டு கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

பைக்கை ஒருவருக்கு மட்டும் தைப்பது

அணியில் மூத்தவரின் உடல்வாகுக்கு சஸ்பென்ஷனை அமைத்துவிட்டு மற்றவர்கள் சமாளிக்கட்டும் என்று விடுவது பரவலான தவறு. 70 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் பின்பக்க இறக்கத்தில் 15 முதல் 25 மி.மீ. வரை வித்தியாசம் வரும். ரைடர் உட்கார்ந்த நிலையில் 100 முதல் 105 மி.மீ. இறங்கினால் சரி. இதைத் தண்ணீர்ப் பை, கருவிப் பை, நிரம்பிய டேங்க் எல்லாவற்றோடும் அளக்க வேண்டும். 12 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 9 கிலோ. எங்கள் கணிப்பில், மிக மோசமான பகுதியை ஓட்டும் ரைடருக்கு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதே சரி. அவர் எடை அதிகமானவராகவும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது. மெல்லிய ஸ்பிரிங்கில் கனமான ஆள் வூப்ஸில் அடிமட்டம் வரை இடித்துக்கொண்டே போவார். கெட்டியான ஸ்பிரிங்கில் லேசான ஆளுக்குக் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். ஹேண்டில்பார் உயரம், லீவரின் கோணம் ஆகியவற்றை நடுவாக ஒரு நிலையில் வைத்து எல்லோரும் அதிலேயே பயிற்சி எடுங்கள். மாற்றும் இடத்தில் ஸ்பேனர் எடுத்து லீவரைத் திருப்புவது வீண் வேலை.

டயருக்குள் டியூப் போட்டுக்கொண்டு வருவது இன்னொரு வம்பு. கல்லில் ஒரு இடி பட்டால் பஞ்சர். அனுபவமுள்ள அணிகள் மூஸ் என்கிற நுரை வளையத்தைத்தான் போடும். அதற்கும் பலவீனம் உண்டு: நீண்ட நேரம் அதிவேகத்தில் போனால் உள்ளே சூடேறி உருகி நொறுங்கும். மாட்டும்போது தாராளமாக ஜெல் தடவியிருக்க வேண்டும். பழைய மூஸைப் பந்தயத்துக்குப் போடக் கூடாது. பின் சக்கரத்தை 300, 400 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றத் திட்டமிடுங்கள்.

அப்படி மாற்றப்போகும் உதிரிச் சக்கரத்தில்தான் சொதப்பல்கள் அதிகம். அதன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் சுற்றும் பல்சக்கரத்தில், பற்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால் செயின் நீளம் ஒத்துவராது. இருட்டில் பக்கவாட்டு ஸ்பேசர் மண்ணில் விழுந்து காணாமல் போகும். டேப் ஒட்டி வையுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது யாராவது பின் பிரேக் மிதியை மிதித்துவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. இதை வீட்டிலேயே, கையுறையோடு, தலைவிளக்கு வெளிச்சத்தில், கடிகாரம் வைத்துப் பழக வேண்டும்.

பிட்டில் ஒன்றரை நிமிடம்

சின்ன டேங்கோடு தொடங்கி, மணலில் நடுவழியில் வறண்டு நிற்கும் பைக்குகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. 450 சி.சி. பைக்கின் நிறுவன டேங்க் ஏழெட்டு லிட்டர்தான். ஆழ மணலில் லிட்டருக்கு 10 கி.மீ.க்குக் கீழே போய்விடும். 11, 12 லிட்டர் டேங்க் மாட்டி, 80 கி.மீ.க்கு ஒரு பிட், அதாவது எரிபொருள் ஊற்றி வண்டியைப் பார்க்கும் நிறுத்தம், என்று வைத்தால் வழி தவறினாலும் தாங்கும்.

நல்ல மாற்றம் இப்படி நடக்கும். அடுத்த ரைடர் அரை மணி நேரம் முன்பே ஹெல்மெட், கண்ணாடி, தண்ணீர்ப் பையோடு தயாராக நிற்பார். பைக் வந்து நின்றதும் எஞ்சின் அணையும், ஓட்டி வந்தவர் இறங்கி விலகிவிடுவார். எரிபொருள் ஊற்றுபவர் தீத்தடுப்பு உடையில் இருப்பார். பக்கத்தில் தீயணைப்பானைப் பிடித்தபடி ஒருவர். ஊற்றி முடியும் வரை வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது. பிறகு ஒருவர் பின்பக்கம் குனிந்து ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டுவார். இறுக்கமான ஸ்போக் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். ரிம் லாக்குக்கு, அதாவது டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் கவ்விக்கு, பக்கத்து ஸ்போக்குகள்தான் முதலில் தளரும். செயின் தொய்வு, ஆயில் அளவு, பிரேக் பேட், ஏர் ஃபில்டர், எல்லாம் எழுதிவைத்த அதே வரிசையில். 450 எஞ்சினில் ஆயில் ஒரு லிட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். கால் லிட்டர் எரிந்தாலே வித்தியாசம் தெரியும்.

இதற்கிடையில் ஓட்டி வந்தவர் மூன்று விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்: வண்டியில் என்ன கோளாறு, எங்கே எவ்வளவு பலமாக விழுந்தது, முன்னேயும் பின்னேயும் யார். "முன் பிரேக் மிருதுவா இருக்கு, பத்து கிலோமீட்டரா அப்படித்தான்" என்பது பயனுள்ள வாக்கியம். வழியில் நடந்த வீரக்கதை பிறகு ஆகட்டும். விழுந்ததை வெட்கப்பட்டு மறைக்கும் ரைடர் அணிக்கு ஆகாது. ரேடியேட்டரில் ஊசித் துளை விழுந்திருந்தால் அடுத்தவர் 40 கி.மீ. தள்ளி எஞ்சினைச் சுட்டுவிட்டு நிற்பார்.

விளக்குகளை இருட்டிய பிறகு மாட்டுவது இன்னொரு தவறு. சூரியன் மறைவதற்கு ஒரு பிட் முன்பே மாட்டி, எரியவிட்டுப் பார்த்து அனுப்புங்கள். வண்டி தாமதமாகலாம், விளக்கில்லாமல் பாலைவனத்தில் மாட்டினால் அதோடு பந்தயம் முடிந்தது. நிறமில்லாத கண்ணாடியும் அதே பிட்டில் கைமாற வேண்டும். பசிபிக் கரைப் பக்கம் இரவில் மூடுபனி இறங்கும். மலைப்பகுதியில் குளிர் உறைநிலையை நெருங்கும். பகலில் 30 டிகிரியில் நின்றவருக்கு இது நம்பும்படி இருக்காது.

பாதையில்

மாவுப் புழுதி, சலித்த மைதா மாதிரி இருக்கும். அடியில் பாறையும் தடங்களும் மறைந்திருக்கும். அதில் வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதையும். எடையைப் பின்னால் தள்ளி, திராட்டிலைச் சீராகப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைத்துக் கடக்க வேண்டும். முன்னே ஒருவர் சிக்கி நின்றால் அதே தடத்தில் போகாதீர்கள். ஒத்திகையில் ஒரு மாற்றுத் தடம் பார்த்து வைத்திருக்க வேண்டும். இந்தப் படுகையைத் தாண்டிய அடுத்த பிட்டில் ஏர் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும்.

முன்னால் போகிறவரின் புழுதிக்குள் புகுந்து முந்தப் பார்ப்பது எலும்பு முறிவில் முடியலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். பாதை திரும்பும்போது புழுதி ஒதுங்கும், அதுவரை பொறுங்கள்.

பைக்குகள் முதலில் கிளம்பும். டிராஃபி டிரக்குகள், அதாவது பந்தயத்துக்கென்றே கட்டிய பெரிய டிரக்குகள், சில மணி நேரம் கழித்துத்தான் புறப்படும், ஆனால் மெதுவான பைக்குகளை இரவுக்குள் எட்டிப் பிடித்துவிடும். பின்னால் விளக்கு வெளிச்சம் தெரிந்ததுமே காற்று வரும் பக்கமாக ஒதுங்கி, பாதையைவிட்டு முழுவதுமாக வெளியே நில்லுங்கள். அப்போதுதான் அதன் புழுதி உங்கள் மேல் வராது. ஒன்று போனதும் உடனே திரும்ப ஏறாதீர்கள். இரண்டாவது அதன் புழுதிக்குள்ளேயே வரும். அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

பைக் வரவில்லை என்றால்

இதற்கு எழுதிவைத்த திட்டம் இல்லாத அணிகளே அதிகம். கைபேசி சிக்னல் பெரும்பகுதியில் கிடைக்காது. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ரைடர் உடம்பில் இருக்க வேண்டும், பைக்கில் அல்ல. விழும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் போகும். டிராக்கரில் புள்ளி எத்தனை நிமிடம் நகராமல் இருந்தால் யார் கிளம்புவது, எந்தச் சாலை வழியாகக் கிட்டே போவது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பாதைக்குள் எதிர்த்திசையில் துணை வண்டியை ஓட்டிப் போவது தடை மட்டுமல்ல, தற்கொலை.

ரைடர் பையில் இவை இருக்கட்டும்: இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், வெள்ளிப் போர்வை, தலைவிளக்கு, செயின் இணைப்புக் கண்ணி, உதிரி கிளட்ச் லீவர், எஞ்சின் உறையில் ஓட்டை விழுந்தால் அடைக்க எபாக்ஸி, கொஞ்சம் மெக்சிகோ பெசோ, அடையாள அட்டை. கருவிப் பையில் எது எங்கே இருக்கிறது என்பது எல்லா ரைடர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டே தெரிய வேண்டும். கட்டிவைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் பிரயோஜனமில்லை.

துணை வண்டி ஓட்டுபவர்களின் தூக்கத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. நெடுஞ்சாலை எண் 1 பல இடங்களில் ஒடுக்கமானது, ஓரம் கிடையாது, இரவில் மாடுகள் சாலையிலேயே நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டத் தெரிந்த இருவர், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவது என்று முறை வையுங்கள். தன் பகுதியை ஓட்டி முடித்த ரைடரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். பந்தயம் முடிந்த அன்றிரவே ஊர் திரும்பும் திட்டமும் வேண்டாம்.