ஸ்கேனரைத் திறக்க முதல் ஒரு தாள் எழுதுங்கள்

திருகோணமலையில் ஒரு சிறிய நூலகத்தில் நாங்கள் நாலு பேர் பழைய படங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியபோது கொள்கை, கிள்கை என்று எதுவும் எழுதவில்லை. மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் ஒருவர் 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்திருக்கிறார், இன்னொருவர் 1200இல். படத்தின் பின்பக்கத்தை ஒருவருமே எடுக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து! உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஒரு பக்கக் கொள்கை போதும்.

1. எதை எடுப்பது?
வேறெங்கும் பிரதி இல்லாததும் பழுதாகிக்கொண்டிருப்பதும் முதலில். கோணேசர் கோயிலைப் படம் எடுக்காதவர் இல்லை. பழைய சந்தையோ பள்ளிக்கூட வகுப்புப் படமோ கிடைப்பதுதான் அரிது. 2004 கடல்கோளில் நனைந்து சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் வந்தால் உரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே எடுங்கள்.

2. யாரிடம் கேட்பது?
அல்பம் தந்தவருக்குப் படத்தாள் மட்டும்தான் சொந்தம். பதிப்புரிமை பெரும்பாலும் படம் பிடித்தவருக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக அவர் இறந்து 70 ஆண்டு வரை அது நீடிக்கும். ஆகவே ஸ்டூடியோ முத்திரை இருந்தால் குறித்து வையுங்கள்.

சம்மதப் படிவத்தில் மூன்று கேள்வி: சேமிக்கலாமா, நூலகத்துக்குள் காட்டலாமா, இணையத்தில் போடலாமா? ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம். ஓர் அம்மா முழு அல்பத்தையும் தந்துவிட்டு, காணாமல் போன தம்பியின் படத்தில் விரலை வைத்து, "இதை மட்டும் வெளியில போடாதீங்கோ மகன்" என்றார். காரணம் கேட்கக் கூடாது என்பதையும் அன்றே கொள்கையில் சேர்த்தோம்.

3. அளவு
படத்தாளுக்கு 600 பிபிஐ, 24 பிட் வண்ணம் (முழு வண்ணம்), டிஃப் (TIFF) கோப்பு. இதுதான் மூலக் கோப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். பழுப்பும் மைக்கறையும் அப்போதுதான் தெரியும். 4×6 அங்குலப் படம் ஒன்று ஏறத்தாழ 26 எம்பி வரும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். கீறல் திருத்துவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் ஜேபெக் (JPEG) என்ற சிறிய கோப்பாக எடுத்த பிரதியில்.

4. பின்பக்கம்
என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஒரு படத்தின் பின்னால் பென்சிலில் "புயலுக்கு அடுத்த தை, அண்ணன் வீடு" என்று இருந்தது. எந்தப் புயல்? திருகோணமலைக் குடும்பம் என்றால் 1964 டிசம்பர் புயல். அப்படியானால் படம் 1965 ஜனவரி. மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் என்றால் 1978 நவம்பரையும் யோசிக்க வேண்டும். இடையில் 14 வருசம்! ஆகவே விதி இது: பின்னால் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் பதியுங்கள். நீங்கள் ஊகித்த ஆண்டும் அதற்கான காரணமும் வேறொரு கட்டத்தில் வரட்டும்.

5. பெயரும் பிரதியும்
கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே எண், கடைசி எழுத்து மட்டும் மாறும். அப்புறம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று ஊருக்கு வெளியே. எங்கள் மூன்றாவது பிரதி உள்ள ஹார்ட் டிஸ்க் வவுனியாவில் ஒரு வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கொண்டுவந்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.