வலி கழுத்தில், இறுக்கம் எங்கே?

கழுத்து வலித்தால் கை தானாகக் கழுத்துக்குத்தான் போகும். நானும் பல மாதங்கள் பிடரியையே அமுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கணினியில் வேலை பார்க்கும்போது பற்களைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தாடையைத் தளர்த்தியதும் பிடரியும் கொஞ்சம் இளகியது. வலிக்கும் இடம் ஒன்று, இறுக்கம் பிறக்கும் இடம் வேறொன்று என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாற்காலியும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும்.

கை கால் மரத்துப்போதல், வலி கீழ்நோக்கிப் பரவுதல், அண்மையில் அடிபட்டது என ஏதேனும் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: முஷ்டி
நாற்காலியில் தளர்வாக உட்கார்ந்து வலது கையை மட்டும் மெல்ல மூடுங்கள். முன்கை மட்டும் வேலை செய்யும். இப்போது முழுப் பலத்தோடு இறுக்குங்கள். மேல்கை, தோள், சில சமயம் தாடைகூடச் சேர்ந்து இறுகும், மூச்சும் நின்றிருக்கும். பலம் கூடக்கூட நரம்பு மண்டலம் பக்கத்துத் தசைகளையும் துணைக்கு அழைக்கிறது. முழங்காலைத் தட்டிப் பார்க்கும் மருத்துவர், சிலரிடம் இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்வார். கை இழுக்கும்போது கால் இன்னும் வேகமாக உதைக்கும். ஹங்கேரிய மருத்துவர் யெண்ட்ராசிக் 1880-களில் விவரித்த உத்தி இது.

படி 2: கண்ணும் தாடையும்
எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரண்டு கட்டைவிரல்களையும் மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் வையுங்கள். கண்களை மூடி, தலையை அசைக்காமல், விழிகளை மட்டும் இடமும் வலமும் உருட்டுங்கள். விரலடியில் சிறு தசைகள் துடிப்பது தெரியும். தெரியவில்லையா? விரலை லேசாக வைத்து மறுபடி முயலுங்கள். அழுத்தினால் எதுவும் தெரியாது. அடுத்து அதே இடத்தில் விரல் இருக்கப் பற்களைக் கடித்து, பிறகு தளர்த்துங்கள். அங்கேயும் ஓர் இறுக்கம் வந்து போகும்.

உதடுகள் மூடி, மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் தொடாமல் இருப்பதே தாடையின் ஓய்வு நிலை. நாள் முழுவதும் இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: உள்ளங்கால்
நின்றபடி மூன்று முறை குனிந்து விரல்கள் எதுவரை எட்டுகின்றன என்று பாருங்கள். ஏன் மூன்று? முதல் தடவையைவிட அடுத்தடுத்த தடவை எப்படியும் கூடுதலாக எட்டும். அந்தப் பெருமை பந்துக்குப் போய்விடக் கூடாது. பிறகு வலது உள்ளங்காலுக்கு அடியில் பந்தை வைத்து, குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஒரு நிமிடம் உருட்டுங்கள். திரும்பக் குனியுங்கள். பலருக்கு வலது தொடையின் பின்புறம் இடதைவிட இலகுவாக இருக்கும். ஒரு நிமிடத்தில் தசை நீண்டுவிடாது. இழுபடுவதை உடம்பு பொறுத்துக்கொள்ளும் அளவுதான் பெரும்பாலும் கூடுகிறது. அதனால் பந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

படி 4: மூச்சு
ஒரு கையை வயிற்றிலும் மறு கையை மார்பிலும் வையுங்கள். மார்பு மட்டுமே ஏறி இறங்கினால் கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. வயிறு புடைக்குமாறு மெதுவாக மூச்சிழுங்கள்.

படி 5: இறுக்கி விடுதல்
எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையின் சுருக்கம். படுத்துக்கொண்டு, பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என ஒவ்வொன்றாக ஐந்து விநாடி இறுக்கி, இருபது விநாடி விடுங்கள். பாதி பலம் போதும். முழுப் பலம் போட்டால் என்ன ஆகும் என்று முஷ்டியில் பார்த்தோமே. தொடையை இறுக்கும்போது தாடை தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது கைகூட இரண்டு வாரம் ஆனது. அதற்குள் பல இரவுகள் தோள்வரை வருவதற்குள் தூங்கிவிட்டேன்.